கொழுந்தை உலர்த்தும் வெப்பம் எங்கிருந்து வர வேண்டும்?

மலேசியாவின் கேமரன் மலையில் உள்ள கம்போங் ராஜாவைச் சுற்றியுள்ள சரிவுகளில் பறிக்கப்படும் கொழுந்தில் நான்கில் மூன்று பங்குக்கும் மேல் தண்ணீர்தான். ஏறத்தாழ நாலரைக் கிலோ பச்சைக் கொழுந்திலிருந்து ஒரு கிலோ தேயிலை கிடைக்கிறது. மீதி மூன்றரைக் கிலோவும் ஆவியாகி ஆலையை விட்டு வெளியேற வேண்டும். அந்தத் தண்ணீரை விரட்டும் வெப்பத்துக்கு எதை எரிப்பது என்பது தேயிலைத் தொழில் தொடங்கிய நாளிலிருந்தே உள்ள கேள்வி. மரக்கரி, விறகு, நிலக்கரி, எண்ணெய், எரிவாயு, மீண்டும் விறகு என்று ஒவ்வொரு தலைமுறையும் ஒரு விடை சொல்லியிருக்கிறது. நிலக்கரியையும் எண்ணெயையும் கைவிட வேண்டிய காலத்தில் அதே கேள்வி புது அவசரத்தோடு திரும்பியிருக்கிறது.

குளிர்நாட்டு நகரங்களும் இதே சிக்கலில்தான் இருக்கின்றன. ஓரிடத்தில் நீரைச் சூடாக்கிக் குழாய்வழியே வீடுகளுக்கு அனுப்பும் நகரங்களில், ஸ்டாக்ஹோம் 2020இலும் ஹெல்சிங்கி 2025இலும் தங்கள் கடைசி நிலக்கரி வெப்ப ஆலைகளை மூடின. அவற்றின் இடத்தில் மரத்தை எரிப்பதா, மின்சாரத்தால் வெப்பம் எடுப்பதா, கட்டடங்களின் வெப்பத் தேவையையே குறைப்பதா என்ற விவாதம் அங்கே ஓயவில்லை. தமிழர் வாழும் வெப்ப நாடுகளில் வீட்டைச் சூடாக்கும் தேவை பெரும்பாலும் கிடையாது. நம் உழைப்பு பெருமளவு வெப்பத்தோடு பிணைந்திருக்கும் இடம் தேயிலை ஆலை. நீலகிரி, வால்பாறை, மூணாறு, அட்டன், தலவாக்கலை, கேமரன் மலை ஆகிய எல்லா இடங்களிலும் அந்த மூன்று வழிகளும், கூடவே சூரிய வெப்பமும், வேறு பெயர்களில் பேசப்படுகின்றன.

வெப்பத்தின் கணக்கு

ஒரு கிலோ தண்ணீரை ஆவியாக்க ஏறக்குறைய 0.65 யூனிட் (கிலோவாட்-மணி) அளவு வெப்பம் வேண்டும். மூன்றரைக் கிலோவுக்கு இரண்டரை யூனிட்டுக்கும் சற்றுக் குறைவு. இயற்பியல் கேட்கும் கூலி இவ்வளவுதான். நடைமுறையிலோ ஒரு கிலோ தேயிலைக்கு நான்கு முதல் ஆறு யூனிட் வெப்பம் செலவாவது சாதாரணம். இயந்திரங்களையும் விசிறிகளையும் ஓட்டும் மின்சாரம் இதோடு ஒப்பிட்டால் சிறிய தொகை. தேயிலை ஆலையின் ஆற்றல் செலவில் மிகப் பெரும்பங்கு வெப்பமே. மின்கட்டணத்தை மட்டும் பார்த்துச் சிக்கனம் பேசுவோர் இதைத் தவறவிடுகிறார்கள்.

கூடுதலாகச் செலவாகும் வெப்பம் எங்கே போகிறது? ஒரு பகுதி புகைபோக்கி வழியே போகிறது. இன்னொரு பகுதி உலர்த்தியிலிருந்து வெளியேறும் ஈரக்காற்றோடு போகிறது. தேயிலை எந்த வாசனையையும் எளிதில் பிடித்துக்கொள்ளும் பொருள். புகை பட்டால் சரக்கு கெட்டுவிடும். அதனால் விறகையோ எண்ணெயையோ எரிக்கும் அடுப்பின் புகை ஒரு பாதையிலும், கொழுந்தைத் தொடும் காற்று இன்னொரு பாதையிலும் ஓட வேண்டியிருக்கிறது. இரண்டுக்கும் இடையே நிற்கும் இரும்புக் குழாய்களே வெப்பத்தைக் கடத்துகின்றன. அவற்றில் கரி படியப் படிய இழப்பு கூடும்.

வெப்பம் இரண்டு இடங்களில் தேவைப்படுகிறது. முதலாவது வாட்டல். பறித்த கொழுந்தைத் தொட்டிகளில் பரப்பி, அடியிலிருந்து காற்றூதி, பன்னிரண்டு முதல் பதினெட்டு மணி நேரம் தளர வைக்கிறார்கள். இதற்குப் பெரும்பாலும் வெளிக்காற்றே போதும். பனியும் மழையுமாக இருக்கும் நாட்களில் மட்டும் காற்றை 30, 35 பாகை வரை சூடேற்றினால் சரி. இரண்டாவது, உருட்டிப் புளிக்கவைத்த பிறகு நடக்கும் உலர்த்தல். அங்கே உள்ளே நுழையும் காற்று 90 பாகைக்கு மேல் இருக்க வேண்டும். சிலவகை உலர்த்திகளில் 120ஐயும் தாண்டும். இருபது நிமிடத்தில் ஈரம் மூன்று விழுக்காட்டுக்கு இறங்கிவிடும். இந்த இரு வெப்பநிலைகளுக்கு இடையே உள்ள தூரத்தை மனத்தில் வைத்துக்கொண்டால், பின்வரும் வாதங்களின் பலமும் பலவீனமும் தெளிவாகத் தெரியும்.

விறகிலிருந்து எண்ணெய்க்கு, எண்ணெயிலிருந்து விறகுக்கு

தொடக்ககால இந்தியத் தோட்டங்களில் மரக்கரித் தணலின் மேல் தட்டுகளை வைத்துக் கையால் கிளறி உலர்த்தினார்கள். 1864இல் அசாமின் கச்சார் பகுதிக்கு வேலைக்கு வந்த பெல்ஃபாஸ்ட்காரர் சாமுவேல் கிளீலண்ட் டேவிட்சன், சூடான காற்றை ஊதி உலர்த்தும் இயந்திரத்தை உருவாக்கினார். 1881இல் பெல்ஃபாஸ்டில் அவர் நிறுவிய சிராக்கோ தொழிற்சாலையின் பெயர் உலகத் தோட்டங்களில் உலர்த்திக்கே பெயராக நிலைத்தது. இயந்திரம் வந்த பிறகு எதை வேண்டுமானாலும் எரிக்கலாம் என்றாயிற்று. அதன்பின் எரிபொருளைத் தீர்மானித்தவை அருகில் கிடைப்பதும் அதன் விலையும்தான்.

மேல் அசாமில் மாக்கும் சுரங்கங்களின் நிலக்கரி பக்கத்திலேயே கிடைத்தது. 1962இல் அசாம் எரிவாயு நிறுவனம் தொடங்கியபின் குழாய்வழி வந்த இயற்கை எரிவாயுவும் ஆலைகளுக்குள் நுழைந்தது. எரிவாயுவின் சுடர் சுத்தமானது. அதன் காற்றை நேரடியாகவே கொழுந்தின் மேல் விடலாம் என்பதால் குழாய் இழப்பும் இல்லை. புதைபடிவ எரிபொருள்களுக்குள் இதுவே செயல்திறன் மிக்கது. அதைக் கைவிடுவது அசாமுக்குக் கடினமாக இருப்பதற்கு இதுவும் காரணம்.

நீலகிரியில் 1843 முதல் நடப்பட்ட நீலக் கற்பூர மரம் மலையின் விறகாக நிலைத்தது. இலங்கை மலையகத்தில் விறகு, பிறகு எண்ணெய், 1970களின் எண்ணெய் விலை ஏற்றத்துக்குப் பிறகு பெரும்பாலும் மறுபடியும் விறகு என்று சக்கரம் ஒரு சுற்று சுற்றியது. இந்த இலங்கை அனுபவத்துக்குத் தனி எடை உண்டு. எண்ணெயிலிருந்து வெளியேறுவது தொழில்நுட்பத்தால் முடியாத காரியமல்ல என்பதற்கு அது சான்று. அப்படி வெளியேறியதன் காரணம் சூழல் அக்கறையல்ல, அந்நியச் செலாவணி. காட்டுக்கு என்ன நேரும் என்பதை அன்று யாரும் கணக்கில் சேர்க்கவில்லை.

கேமரன் மலை இந்த வரலாற்றில் பின்னால் வந்து சேர்ந்தது. 1885இல் வில்லியம் கேமரன் அளந்த மலை அது. 1929இல் ஜே. ஏ. ரஸ்ஸல் போ தோட்டத்தைத் தொடங்கினார். கம்போங் ராஜா பக்கத்தில் புளூவேலி உட்பட மற்றத் தோட்டங்கள் எழுந்தன. காட்டை வெட்டிச் செடி நட்ட தமிழ்த் தொழிலாளர்களே அடுப்புக்கும் விறகு ஏற்றினார்கள். இன்று வங்காளதேசம், நேபாளம், இந்தோனேசியா ஆகிய நாடுகளிலிருந்து வந்தவர்கள் தோட்ட வேலைகளில் அதிகம். எந்த எரிபொருளாக இருந்தாலும் அடுப்பு வாயில் நின்று அதன் வெம்மையையும் சாம்பலையும் தாங்குகிறவர் ஒருவர் இருக்கிறார். எரிபொருள் ஆய்வுகள் அவரை அரிதாகவே கணக்கில் எடுக்கின்றன. அது பெருங்குறை.

மரத்தை எரிக்கலாம் என்போர்

முதல் தரப்பின் வாதம் எளிது. வெட்டிய மரம் மீண்டும் வளரும். வளரும்போது எரிந்த கரியைக் காற்றிலிருந்து திரும்ப எடுத்துக்கொள்ளும். ஆகவே விறகு புதைபடிவ எரிபொருளுக்கு நேர் மாற்று. தென்னிந்திய, இலங்கை, கென்ய ஆலைகளின் நடைமுறை இதுவே. 2005இல் இலங்கை கிளிரிசிடியாவைத் தேயிலை, ரப்பர், தென்னைக்கு அடுத்த நான்காவது தோட்டப் பயிராக அறிவித்தது. வெட்ட வெட்டத் துளிர்த்து, மண்ணில் தழைச்சத்தையும் சேர்க்கும் மரம் அது.

வாதத்தின் அடித்தளம் ‘மீண்டும் வளரும்’ என்ற சொல்லில் இருக்கிறது. அது நடந்தால்தான் கணக்கு நேராகும். ஒரு கிலோ தேயிலைக்கு இரண்டு கிலோ விறகு, ஒரு ஹெக்டேரில் ஆண்டுக்கு 2,000 கிலோ தேயிலை என்று வைத்துக்கொள்வோம். ஹெக்டேருக்கு 4 டன் விறகு வேண்டும். நல்ல மண்ணில் விறகுத் தோப்பு ஆண்டுக்கு 15 டன் தந்தால், ஏறத்தாழ நான்கு ஹெக்டேர் தேயிலைக்கு ஒரு ஹெக்டேர் விறகுத் தோப்பு ஒதுக்க வேண்டியிருக்கும். நிலம் நிறைய வைத்திருக்கும் பெருந்தோட்டத்துக்கு இது இயலும். சிறு விவசாயிகளிடம் கொழுந்து வாங்கும் ஆலைக்குச் சொந்தத் தோப்பு கிடையாது. அது சந்தையில் வாங்குகிறது. சந்தை விறகு எந்தச் சரிவிலிருந்து வந்தது என்பதற்கு உறுதி குறைவு. நீலகிரியில் மலைப்பகுதி மரப் பாதுகாப்புச் சட்டம் 1955 முதல் இருக்கிறது. 1996இல் உச்ச நீதிமன்றம் காடுகளைப் பற்றிய கோதவர்மன் வழக்கில் பிறப்பித்த ஆணையும் வெட்டுதலை இறுக்கியது. விறகுக்கு அங்கே அடிக்கடி தட்டுப்பாடு பேசப்படுவதற்கு இந்தப் பின்னணி உண்டு.

கம்போங் ராஜாவில் விறகுத் தோப்பு என்ற பேச்சுக்கே இடம் குறைவு. கடல்மட்டத்திலிருந்து 1,100 முதல் 1,600 மீட்டர் வரை உயர்ந்த இந்த மேட்டு நிலத்தில், தேயிலைக்கு அடுத்து மிஞ்சும் சமநிலத்தைக் காய்கறித் தோட்டங்களும் நெகிழிக் கூரைகளும் பிடித்துக்கொண்டன. மேலே இருப்பது நீர்ப்பிடிப்புக் காடு. அதைத் தொட்டால் மண் கீழே ரிங்லெட் நீர்த்தேக்கத்துக்குப் போகும். அந்தத் தேக்கம் ஏற்கெனவே வண்டலால் தவிக்கிறது.

எனவே மலேசியாவில் மரத் தரப்பின் உண்மையான வாதம் சமவெளிக் கழிவுகளைப் பற்றியது. ரப்பர் மரத் துண்டுகள், மரத்தூள் கட்டிகள், எல்லாவற்றுக்கும் மேலாகச் செம்பனைக் கொட்டை ஓடு. அந்த ஓடு உலர்ந்தது, அடர்த்தியானது, வெப்பம் மிக்கது. நல்ல விறகுக்கு மேலாகவே எரியும். ஆனால் ஜப்பான் 2012இல் புதுப்பிக்கத்தக்க மின்சாரத்துக்கு நிலையான கொள்முதல் விலை தரத் தொடங்கிய பிறகு, இந்த ஓடு கப்பலேறும் சரக்காகிவிட்டது. மலையேறி வரும் லாரிச் செலவையும் தாங்கி, ஏற்றுமதி விலையோடும் போட்டியிட்டு அதை வாங்க ஒரு தேயிலை ஆலையால் எத்தனை ஆண்டு முடியும்? செம்பனை விரிவாக்கமே காடழிப்புக் குற்றச்சாட்டுக்கு உள்ளானது என்பதும் மறுக்க முடியாதது. கழிவு என்று விலை பேசத் தொடங்கிய பொருள் விளைபொருளின் வருமானத்தில் பங்காகிவிடுகிறது. அதைக் கழிவாகவே கணக்கிடுவது எவ்வளவு காலம் பொருந்தும் என்பதில் கருத்து வேறுபாடு உண்டு.

மரத்தை எரிவாயுவாக்கி எரிக்கும் முறையும் தென்னிந்தியாவில் முயலப்பட்டது. பெங்களூரு இந்திய அறிவியல் கழகம் இத்துறையில் நெடுங்காலம் உழைத்தது. மரத்தை ஒரே அளவாக வெட்டுவதும், தார் படிவதும், பராமரிக்க ஆள் கிடைக்காததும் அதன் பரவலைத் தடுத்த காரணங்கள்.

சூரியன்

மதுரையைச் சேர்ந்த சி. பழனியப்பனும் அவர் சார்ந்த பிளாண்டர்ஸ் எனர்ஜி நெட்வொர்க்கும் 1990களில் தென்னிந்தியத் தேயிலை ஆலைகளின் கூரையையே காற்றைச் சூடாக்கும் தகடாக மாற்றிக் காட்டினார்கள். கூரையில் சூடான காற்று அடுப்புக்குள் நுழையும்போது விறகுத் தேவை குறைகிறது. எளிமையான, தமிழ் மண்ணிலேயே வேர்விட்ட தீர்வு. அது மேலும் பரவியிருக்க வேண்டும்.

அதன் எல்லையும் தெளிவானது. சூரியன் காற்றை முன்கூட்டி இளஞ்சூடாக்கும். 100 பாகைக்குக் கொண்டுபோகும் வேலையை அடுப்புதான் முடிக்க வேண்டும். பகலில் பறித்த கொழுந்து இரவெல்லாம் வாடி, விடியலை ஒட்டி உலர்த்திக்கு வருகிறது. சூரியன் இருக்கும் நேரமும் வெப்பம் தேவைப்படும் நேரமும் பொருந்துவதில்லை. பிற்பகலில் மேகம் கவியும் கேமரன் மலையில் இந்தக் குறை இன்னும் பெரிது.

மின்சாரம்

கம்போங் ராஜாவில் மின்சாரத் தரப்பின் வாதம் கவர்ச்சியானது. 1960களில் எழுந்த கேமரன் மலை நீர்மின் திட்டத்தில் கம்போங் ராஜாவிலேயே ஒரு மெகாவாட்டுக்கும் குறைவான சிறு மின்நிலையம் அமைந்தது. கோலா தெர்லா, ராபின்சன் அருவி, ஹாபு ஆகிய இடங்களிலும் சிறுநிலையங்கள் உண்டு. ஆண்டுக்கு 500 டன் தேயிலை செய்யும் ஓர் ஆலைக்குக் கிலோவுக்கு 5 யூனிட் வெப்பம் என்றால் 25 லட்சம் யூனிட். சராசரியாக அரை மெகாவாட் தரும் நிலையம் ஆண்டுக்கு 43 லட்சம் யூனிட்டைத் தாண்டும். ஊர்த் தண்ணீரே ஊர்த் தேயிலையை உலர்த்தலாமே என்று தோன்றும்.

இந்த வாதம் ஒரு முக்கியமான இடத்தில் தளர்கிறது. அந்த மின்சாரம் ஏற்கெனவே தீபகற்பத்தின் பொது மின்வலையில் யாருக்கோ பயன்படுகிறது. அதைத் தேயிலைக்குத் திருப்பினால், விடுபட்ட தேவையை நிரப்பப் பேராக் கடற்கரையில் மஞ்சோங் போன்ற நிலக்கரி நிலையங்கள் கூடுதலாக எரிய வேண்டிவரும். தீபகற்ப மின்சாரத்தின் ஒரு யூனிட்டுக்கு ஏறத்தாழ முக்கால் கிலோ கரிவாயு வெளியாகிறது. டீசலை எரித்து ஆலையில் ஒரு யூனிட் பயனுள்ள வெப்பம் பெற, அடுப்பின் இழப்பையும் சேர்த்து, ஏறத்தாழ 0.4 கிலோ. ஆகவே கம்பிச்சுருளைச் சூடாக்கி உலர்த்தும் நேரடி மின் அடுப்பு, இன்றைய மின்வலையில் டீசலைவிட அதிகம் மாசுபடுத்தும். புகை மலையை விட்டுக் கடற்கரைக்குப் போவதைத் தவிர வேறு மாற்றம் நேராது.

வெப்பப் பம்பு இந்தக் கணக்கை மாற்றுகிறது. குளிர்பதனப் பெட்டியின் தத்துவத்தைத் திருப்பிப் போட்டது போன்ற அந்த இயந்திரம், ஒரு யூனிட் மின்சாரத்தால் மூன்று யூனிட் வெப்பத்தை ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்கு ஏற்றும். அப்போது ஒரு யூனிட் வெப்பத்துக்குக் கால் கிலோ கரிவாயு; டீசலைவிடக் குறைவு. ஹெல்சிங்கியின் காத்ரி வாலா நிலையம் கழிவுநீரின் இளஞ்சூட்டிலிருந்தே வீடுகளுக்கு வெப்பம் எடுக்கிறது. தேயிலை ஆலையிலும் உலர்த்தியிலிருந்து 50 பாகைக்கு மேல் வெளியேறும் ஈரக்காற்று இருக்கிறது. இன்று அது கூரைவழியே வீணாகிறது.

ஆனால் மூன்று மடங்கு என்ற பலன் வெப்பநிலை இடைவெளி சிறிதாக இருக்கும்போதே கிடைக்கும். வாட்டலுக்கான 35 பாகைக்கு இது மிகப் பொருத்தம். காற்றைச் சூடாக்கும்போதே அதன் ஈரத்தையும் பிழிந்துவிடுவதால், பனி இறங்கும் கேமரன் இரவுகளில் இரட்டைப் பயன். உலர்த்தலுக்கான 100 பாகைக்குப் பலன் சுருங்கும், இயந்திர விலை ஏறும். முழு ஆலையையும் வெப்பப் பம்புக்கு மாற்றலாம் என்போர் இந்த வேறுபாட்டை மெலிதாக்கிப் பேசுகிறார்கள் என்றே தோன்றுகிறது.

வெப்பத் தேவையையே குறைத்தல்

குறைவாகப் பேசப்படும் தரப்பு இது. ஆராய்ந்து பார்த்தால் மிக உறுதியான தரப்பும் இதுவே. கொழுந்து 70 விழுக்காடு ஈரத்தோடு உலர்த்திக்குப் போனால், ஒரு கிலோ தேயிலைக்கு ஏறத்தாழ 2.2 கிலோ தண்ணீரைச் சூட்டால் விரட்ட வேண்டும். 60 விழுக்காடு வரை வாட்டி அனுப்பினால் அது 1.4 கிலோவாக இறங்கும். உலர்த்தியின் சுமையில் மூன்றில் ஒரு பங்கு, எந்த எரிபொருளும் மாறாமலே குறைந்துவிடுகிறது. குறைந்த வெப்பத்தில் செய்யக்கூடிய வாட்டலுக்கு வேலையை நகர்த்துவதுதான் இதன் சாரம்.

விறகைக் காயவைப்பதும் இத்தகையதே. பச்சை மரத்தின் எடையில் பாதி தண்ணீர். கூரையின் கீழ் சில மாதம் அடுக்கி வைத்து ஈரத்தை 20 விழுக்காட்டுக்கு இறக்கினால், கிலோவுக்குக் கிடைக்கும் வெப்பம் ஏறத்தாழ இரட்டிப்பாகும். 2000களின் இறுதியில், தென்னிந்தியாவின் சிறு தேயிலை ஆலைகளுக்காக ஐ.நா. வளர்ச்சித் திட்டத்தின் ஆதரவோடு குன்னூரை மையமாகக் கொண்டு நடந்த ஆற்றல் சேமிப்புத் திட்டம் இத்தகைய சிறு சீர்திருத்தங்களையே முன்னிறுத்தியது. புகழ் தராத வேலைகள்தான். அவற்றைச் செய்யாமல் எரிபொருளை மட்டும் மாற்றும் ஆலை, புதிய எரிபொருளையும் பழைய இழப்போடுதான் எரிக்கும்.

இந்தத் தரப்பின் பலவீனம் இயற்பியலில் இல்லை, கோப்பையில் இருக்கிறது. நன்றாக வாட்டிய கொழுந்து நறுமணம் மிக்க இலைத் தேயிலைக்கு ஏற்றது. நசுக்கி, கிழித்து, சுருட்டும் முறையில் தூள் செய்யும் ஆலைகளோ ஈரம் மிகுந்த, 70 விழுக்காட்டை ஒட்டிய வாட்டலையே விரும்புகின்றன. நிறமும் கடுப்பும் அப்போதுதான் கிடைக்கும். மலேசியா தன் தேவைக்கு வேண்டிய தேயிலை முழுவதையும் விளைவிப்பதில்லை. பெருமளவு இறக்குமதி செய்கிறது. பாலோடு சேர்த்து இழுக்கும் தே தாரிக்குக் கடுமையான தூளே தேவை. உள்ளூர்ச் சந்தையின் நாக்கு மாறாத வரை ஆழ்ந்த வாட்டலுக்கு ஓர் எல்லை இருக்கும். வாட்டல் வெறும் நீரிழப்பும் அல்ல. அந்த மணி நேரங்களில் இலைக்குள் நடக்கும் வேதி மாற்றங்களே பிறகு மணமாகின்றன. வேகமாக நீரை எடுத்தால் அவை நிறைவடையாமல் போகலாம்.

எது தேறுகிறது, எது திறந்திருக்கிறது

கம்போங் ராஜாவைப் பொறுத்தவரை சில முடிவுகளை ஓரளவு துணிந்து சொல்லலாம். மலைமேல் விறகு வளர்ப்பது வழியல்ல. நேரடி மின் அடுப்பு இன்றைய மின்வலையில் பின்னடைவு. சூரியக் கூரை துணையாகலாம், தாங்குதூண் ஆகாது. வாட்டலுக்கு வெப்பப் பம்பு, உலர்த்தலின் மீதித் தேவைக்கு மூலம் தெரிந்த சமவெளிக் கழிவு, இரண்டுக்கும் முன்பாக இழப்புகளை அடைப்பது என்ற வரிசை மற்றவற்றைவிட நியாயமாகப் படுகிறது. 2023இல் வெளியான தேசிய ஆற்றல் மாற்ற வரைபடம் சொல்லும் வேகத்தில் மலேசிய மின்வலை தூய்மையானால் இந்த வரிசையில் மின்சாரத்தின் பங்கு ஏறும். அந்த வேகம் கிட்டுமா என்பது ஆலைகளின் கையில் இல்லை.

திறந்திருப்பவற்றுள் முதன்மையானது முதலீடு. பெருந்தோட்டத்தால் வெப்பப் பம்புக்குப் பணம் ஒதுக்க முடியலாம். நீலகிரியின் கூட்டுறவு ஆலைகளும் இலங்கையின் சிறு ஆலைகளும் ஒரு பருவத்தின் கொழுந்து விலையே கட்டுப்படியாகாமல் நிற்பவை. நகரங்களின் வெப்பக் குழாய்களுக்குப் பின்னால் நகராட்சியின் கடன் வாங்கும் வலிமை இருக்கிறது. தேயிலை ஆலைக்குப் பின்னால் அப்படி எதுவும் இல்லை. இரண்டாவது, வெப்பப் பம்பால் வாட்டிய கொழுந்தின் சுவை. மழைப் பருவமும் வறள் பருவமும் கடந்து, ஒரே தோட்டத்துக் கொழுந்தை இரு முறையிலும் வாட்டி, தேயிலை சுவைப்போர் முன் வைத்தால்தான் அதற்கு விடை கிடைக்கும். மூன்றாவது, அடுப்பு வாயில் நிற்கும் தொழிலாளி. விறகு ஏற்றும் வேலை போய் இயந்திரம் வந்தால் வெம்மை குறையும், வேலையும் குறையும். வேறு நாட்டிலிருந்து ஒப்பந்தத்தில் வந்தவருக்கு அந்த மாற்றத்தில் என்ன இடம் தரப்படும் என்பதை இதுவரை முன்வைக்கப்பட்ட எந்தத் தரப்பும் தன் கணக்கில் சேர்க்கவில்லை.